ஐந்தாவது புள்ளி

திங்கட்கிழமைச் செல்களில் மட்டும் புள்ளிகள் அதிகமாக இருந்தன.

மற்ற நாள்களின் செல் வளர்ப்புக் கிண்ணங்களில் நூறு செல்லை எண்ணினால் இரண்டு மூன்று செல் கணக்குத் தவறியிருக்கும். அது எப்போதும் உள்ளதுதான். திங்கட்கிழமைக் கிண்ணத்தில் இருபத்தெட்டு. அடுத்த திங்கள் இருபத்தேழு. அதற்கும் அடுத்தது முப்பது. செல்லுக்குக் கிழமை தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுத்துவிட்டுத் திங்கட்கிழமை முறுக்கிக்கொண்டு வேலைக்கு வருவதெல்லாம் மனிதர்கள் செய்வது.

எண்ணியவளை ஆய்வகத்தில் எல்லோரும் புள்ளி என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்றாம் மாடியின் கடைசியில், சன்னலுக்குக் கறுப்புத் தாள் ஒட்டிய சின்ன அறை. அதில் ஒரு மைக்ராஸ்கோப், ஒரு சுழல் நாற்காலி, கட்டை விரலால் அழுத்தினால் ஒன்று கூட்டும் கருவி ஒன்று. ஏழு வருடமாக அவள் அங்கே உட்கார்ந்து, செல்களுக்குள் பச்சையாக மினுங்கும் புள்ளிகளை எண்ணிக்கொண்டிருக்கிறாள். 

அந்தப் புள்ளி என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஒரு செல் இரண்டாகப் பிரிவதற்கு முன் தன் டி.என்.ஏ.வை முழுவதுமாகப் படியெடுத்துக்கொள்கிறது. பிறகு அந்த இரண்டு படிகளும் இரண்டு முனைக்கு இழுக்கப்படுகின்றன. இழுக்கிற கயிறுகள் புறப்படும் இடத்துக்கு சென்ட்ரோசோம் என்று பெயர். ஒவ்வொரு சென்ட்ரோசோமுக்குள்ளும் இரண்டு குட்டைக் குழல்கள் இருக்கும். பச்சைச் சாயம் ஏற்றினால் ஒவ்வொரு குழலும் ஒரு புள்ளியாகத் தெரியும். அப்போதுதான் பிறந்த செல்லில் இரண்டு புள்ளி. அது டி.என்.ஏ.வைப் படியெடுக்கத் தொடங்கும்போது, ஒவ்வொரு குழலின் இடுப்பிலும் ஒரு புதுக் குழல் செங்குத்தாக முளைக்கும். இப்போது நான்கு. பிரியும்போது முனைக்கு இரண்டாகப் போய்ச் சேர்ந்துவிடும். இரண்டு, நான்கு, மறுபடி ஆளுக்கு இரண்டு. உடம்பில் எத்தனை கோடி செல் இருந்தாலும் இதே கணக்குதான்.

ஐந்தாவது புள்ளிக்கு அதில் இடமே இல்லை. அது வந்துவிட்டால் கயிறு மூன்றாவது முனையிலிருந்தும் இழுக்கும். பிரிந்து போகிற ஒரு செல்லுக்குப் பங்கு கூடும், இன்னொன்றுக்குக் குறையும். பல புற்றுக்கட்டிகளில் இந்தக் குளறுபடியைப் பார்க்கலாம். அதனால்தான் ஒரு மருந்து நிறுவனம், தன் புது மருந்து ஐந்தாவது புள்ளியை உண்டாக்குகிறதா என்று பார்த்துச் சொல்லும்படி இந்த ஆய்வகத்திடம் கேட்டிருந்தது. தினமும் இரண்டு கிண்ணம். ஒன்றில் புது மருந்து உண்டு, மற்றதில் இல்லை. திங்கட்கிழமையோ, மருந்து இல்லாத கிண்ணத்திலும் இருபத்தெட்டு.

போதாக்குறைக்கு, ஒரே ஒரு வியாழக்கிழமைக் கிண்ணமும் தன் பங்குக்கு இருபத்திரண்டு காட்டியது. திங்கட்கிழமையில் ஏதோ இருக்கிறது என்று சொல்லலாம் என்றால், அந்த வியாழன் வந்து குறுக்கே நின்றது.

செவ்வாய்க்கிழமை காலை பேராசிரியர் கூப்பிட்டு அனுப்பினார்.

"உக்காருங்கம்மா."

"பரவால்ல சார், நிக்கிறேன்."

அவர் மேசையில் ஒரு தாளை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார். நாலு வரி. திங்கட்கிழமைக் கிண்ணங்களிலும் அந்த வியாழக்கிழமைக் கிண்ணத்திலும் எண்ணியவரின் பார்வைப் பிழையால் கணக்கு தவறிவிட்டதாகவும், அவை நீக்கப்படுவதாகவும் அதில் இருந்தது. கீழே அவள் பெயர். அதன் மேல் கையெழுத்துக்கு ஒரு கோடு.

"ஏழு வருஷமா இருட்டுல உக்காந்து எண்ணுறீங்க. கண்ணு அசந்துபோறது சகஜம். யாரும் உங்களைக் குத்தம் சொல்லல."

"சொல்லியிருக்கு சார். ரெண்டாவது வரியில."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனிதர் இல்லை. அவசரக்காரர். "அடுத்த திங்கள் மத்தியானம் மூணு மணிக்கு அறிக்கை போகணும். காரணம் எழுதாம எந்த டிஷ்ஷையும் நீக்க முடியாது. வேற காரணம் உங்ககிட்ட இருக்கா?"

"இப்ப இல்ல சார்."

"அப்ப?"

"அதுக்காக, நடக்காததை நடந்துச்சுன்னு எழுத முடியாது."

"மாசக் கடைசில உங்க ஒப்பந்தம் புதுப்பிக்க வருது. கண்ணு அசந்துபோச்சு, பரவால்லன்னு உங்களுக்காக நான் பேசலாம். சொன்னதைக் கேக்காதவங்களுக்காகப் பேச முடியாது."

"ஆக, கையெழுத்துப் போட்டா கண்ணு கெட்டவ. போடலன்னா வாய் கெட்டவ." அவள் தாளை அவர் பக்கமே திருப்பி வைத்தாள். "வாய் கெட்டவளாவே இருந்துக்கிறேன் சார்."

"இங்க பாருங்க, எண்ணுறது உங்க வேலை. ஏன்னு கேக்குறது என் வேலை."

"சரி சார். கேளுங்க."

அவர் கேட்கவில்லை. "திங்கட்கிழமை மூணு மணி," என்று மட்டும் சொன்னார்.

அவள் படியில் இறங்கினாள். வேலை போய்விடும் என்ற பயம் இருக்கத்தான் செய்தது. ஆனால் அந்தக் கோட்டின் மேல் ஒருமுறை கையெழுத்துப் போட்டுவிட்டால், இந்தச் சில கிண்ணங்களோடு அது நிற்காது. ஏழு வருடமாக எண்ணிய ஒவ்வொன்றும், இவள் கண் சரியில்லாதபோது எண்ணியதோ என்ற சந்தேகத்துக்குள் போய்விடும். அவளிடம் பட்டமில்லை, பதவியில்லை. எண்ணினால் சரியாக இருக்கும் என்பது ஒன்றுதான் அவள் சொத்து.

முதலில் தன் கண்ணையே சந்தேகப்பட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தாள். கிண்ணத்துச் செல்களை ஒட்டிவைத்த பழைய ஸ்லைடுகளில் இருபதை எடுத்துக்கொண்டு வாசல் காவலரிடம் போனாள். 

"இதுல பேர் எழுதியிருக்கிற இடத்தையெல்லாம் மறைச்சு, உங்க இஷ்டத்துக்குக் கலைச்சு நம்பர் போட்டுத் தாங்க. எது எந்த நம்பர்னு ஒரு சீட்டுல எழுதி நீங்களே வெச்சுக்கங்க. நானே கெஞ்சினாலும் காட்டக் கூடாது."

"எதுக்கு இந்தக் கண்ணாமூச்சி?"

"என் கண்ணு கெட்டுப்போச்சாம்."

"அப்படியா. என்னைத் தெரியுதா?"

"தெரியுது. சட்டையில மேல் பட்டன் இல்ல."

காவலர் வருகையாளர்களின் சட்டையில் ஒட்டும் சீட்டுகளையே எடுத்து ஒட்டினார். அன்று மாலைவரை அவள் 'பார்வையாளர் 1' முதல் 'பார்வையாளர் 20' வரை ஒவ்வொருவராக மைக்ராஸ்கோப்பின் அடியில் உட்காரவைத்து எண்ணினாள். ஆறு மணிக்குக் காவலர் தன் சீட்டை எடுத்துப் பழைய கணக்கோடு ஒப்பிட்டார். எந்த ஸ்லைடும் இரண்டு எண்ணுக்கு மேல் விலகவில்லை. பெயர் மறைத்திருந்தும் திங்கட்கிழமைகள் அத்தனையும், அந்த வியாழனும், தனியாகத் தலையைத் தூக்கிக்கொண்டு நின்றன. 

கண் சரி. அப்படியானால் செல்தான் ஏதோ செய்திருக்கிறது.

ஐந்தாவது புள்ளி வருவதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, செல் பிரிய முயன்று முடியாமல் பின்வாங்குவது. அப்போது இரண்டு பேருக்குப் போக வேண்டிய எல்லாம் ஒருவரிடமே தங்கிவிடும். டி.என்.ஏ. இரட்டிப்பாகும், புள்ளி நான்காக நிற்கும், அடுத்த சுற்றில் அந்த நான்கும் எட்டாகும். இன்னொரு வழி, டி.என்.ஏ. தன் இடத்திலேயே இருக்க, குழல்கள் மட்டும் மறுபடி குழல் ஈனுவது. புதன்கிழமை முழுவதும் அவள் இதைத்தான் பார்த்தாள். டி.என்.ஏ. நீலமாக ஒளிரும். இரட்டித்திருந்தால் ஒளியும் இரட்டிக்கும். திங்கட்கிழமைச் செல்களில் நீலம் இரட்டிக்கவில்லை. உட்கருவும் ஒன்றே ஒன்று. புள்ளிகளோ ஐந்து, ஆறு, ஏழு. பிரியத் தவறிய செல்லாக இருந்தால் எட்டு எட்டாக அல்லவா நிற்க வேண்டும்? ஆக, இது இரண்டாவது வழி. டி.என்.ஏ. அசையாமல் இருக்க, புள்ளி மட்டும் தனி ஆவர்த்தனம் வாசித்திருக்கிறது.

ஆனால் ஏன் திங்கட்கிழமை?

அன்று சாயங்காலம் வீட்டில் நாத்தனார் அவள் முகத்தைப் பார்த்ததும் பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். நாத்தனார் பேருந்து நடத்துநர். பணி முடிந்தால் நேரே அண்ணன் வீட்டுக்கு வந்து, காலை நீட்டிக்கொண்டு, அன்றைக்கு வண்டியில் யார் யார் சண்டை போட்டார்கள் என்று சொல்லிவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போவாள். இன்று அவள் கேட்கிறவளாக இருந்தாள். 

முழுக்கக் கேட்டுவிட்டு, "அண்ணி, எங்க செக்கிங் இன்ஸ்பெக்டர் இருக்கார்ல, அவர் கடுகடுன்னுதான் இருப்பார். ஆனா வண்டியில ஏறித்தான் தலையை எண்ணுவார். உங்க ஆளு ரோட்டுல நின்னுக்கிட்டே உன் கணக்கு தப்புங்கிறார்," என்றாள்.

"அவருக்கு ஏற நேரமில்ல."

"அப்ப டிக்கெட்டைப் பத்திப் பேசக் கூடாது."

சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த கணவன் சிரித்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களின் உச்சி அறை அவனுக்குத் தெரியும். "தினம் செய்றதையேதானே திங்கட்கிழமையும் செய்றீங்க?" என்று கேட்டான்.

"அதேதாங்க. செல்லெல்லாம் சும்மா விட்டா ஆளுக்கொரு வேலையில இருக்கும். ஒண்ணு பிரிஞ்சுக்கிட்டிருக்கும், ஒண்ணு அப்பத்தான் பொறந்திருக்கும். அப்படி இருந்தா மருந்து எதை என்ன பண்ணுச்சுன்னு சொல்ல முடியாது. அதனால இந்த ஆய்வுக்குன்னு போன மாசம் ஒரு புது முறை கொண்டுவந்தாங்க. மொதல்ல ஒரு நிறுத்து மருந்து ஊத்துவோம். அது டி.என்.ஏ. படியெடுக்கிறதைப் பாதியில நிறுத்திரும். எல்லா செல்லும் அந்த இடத்துல வந்து வரிசையா நின்னுரும்."

"சிக்னல் சிவப்பு," என்றாள் நாத்தனார்.

"ஆமா. காலையில கழுவிவிட்டா பச்சை. எல்லாம் ஒண்ணாக் கெளம்பும். அதுக்கப்புறம் புது மருந்து."

"அந்த வியாழக்கிழமை எப்ப?" என்றான் கணவன்.

"மூணு வாரத்துக்கு முன்னால."

இஸ்திரிப் பெட்டி நின்றது. "அதுக்கு முதல் நாள் புதன்கிழமை உங்க கட்டடமே பூட்டிக் கெடந்துச்சே. கரன்ட் மெயின் பேனல் மாத்துனாங்க. லிஃப்டை ஆஃப் பண்ணதே நான்தான். நீ கூட வீட்ல பரணை ஒழிச்சு, என் பழைய ஸ்பேனரையெல்லாம் எடைக்குப் போட்டியே."

"அதை இன்னும் மறக்கலியா நீங்க."

"எப்படி மறப்பேன். அதுல ரெண்டு நல்ல ஸ்பேனர்."

அவள் எழுந்து நின்றுவிட்டாள். "புதன் லீவுன்னா இன்குபேட்டர்?"

"அது ஜெனரேட்டர்ல ஓடுச்சு. அதுக்குன்னு தனியா லைன் இழுத்தாங்க."

ஆக, செல்கள் வெதுவெதுப்பாகத்தான் இருந்திருக்கின்றன. செவ்வாய் மாலை நிறுத்து மருந்து ஊற்றியிருப்பார்கள். புதன் காலை கழுவ ஆள் இல்லை. வியாழன் காலைதான் கழுவியிருக்க முடியும். திங்கட்கிழமைக் கிண்ணத்துக்கும் முந்தின நாள் ஆள் இல்லை. 

"ஏங்க, லிஃப்டுல ஸ்டாப் பட்டனை அழுத்துனா என்னென்ன நிக்கும்?"

"மோட்டார் நிக்கும்."

"மத்ததெல்லாம்?"

"மத்தது எதுக்கு நிக்கணும்? ஃபேன் ஓடும், லைட் எரியும். மாட்டிக்கிட்ட ஆளு வேர்த்து விழக் கூடாதுல்ல."

"என் வண்டியும் சிக்னல்ல நிக்கும்போது மீட்டர் ஓடுறதில்ல, ஆனா டீசல் எரிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு," என்றாள் நாத்தனார். "எங்க டிப்போவுல யாருக்குமே அது புரியாது."

வியாழக்கிழமை காலை எட்டரைக்கே அவள் செல் வளர்க்கும் அறை வாசலில் நின்றாள். உள்ளே இருப்பவருக்கு ஆய்வகத்தில் சுத்தம் என்று பெயர். தொட்டதையெல்லாம் ஸ்பிரிட் போட்டுத் துடைப்பார். கொஞ்ச நேரம் அசையாமல் நின்றால் நம்மையும் துடைத்துவிடுவார். 

"செருப்பை வெளிய விடு. கையைக் காட்டு. ம், சொல்லு."

"அண்ணே, திங்கட்கிழமை டிஷ்ஷுக்கு நிறுத்து மருந்து எப்ப ஊத்துவீங்க?"

"சனிக்கிழமை."

"சனிக்கிழமை எத்தனை மணிக்கு?"

"அரை நாள்தானே. ஒரு மணிக்கு ஊத்திட்டுப் பூட்டிட்டுப் போவேன். எதுக்குக் கேக்குற? நான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன்னு எவனாவது சொன்னானா?"

"யாரும் சொல்லல. பதிவேட்டைக் காட்டுங்க."

கையைத் துடைத்துக்கொண்டு பதிவேட்டை எடுத்து வந்தார். கோடு போட்ட பெரிய நோட்டு. தேதிக்கு ஒரு கட்டம், கிண்ணத்தின் எண்ணுக்கு ஒரு கட்டம், கழுவிய நாளுக்கு ஒரு கட்டம். மருந்து ஊற்றிய நேரத்துக்குக் கட்டமே இல்லை. 

"ஊத்துன மணியை எழுத மாட்டீங்களா?"

"எதுக்கு? நின்னது நின்னதுதானே. பதினாறு மணி நேரம் நின்னா என்ன, நாற்பது நின்னா என்ன? செல் எங்கயும் போகப் போறதில்ல. முறை எழுதின தாள்லயே 'இரவு முழுவதும்'னுதான் இருக்கு. அதை எழுதினது உங்க பேராசிரியர்."

இதுதான் அந்த ஆய்வகத்தின் பழக்கம். யாரும் அதைப் பிழை என்று நினைத்ததில்லை. மற்ற நாள்களில் மாலை ஐந்துக்கு ஊற்றி மறுநாள் காலை ஒன்பதுக்குக் கழுவுவார்கள். பதினாறு மணி நேரம். சனிக்கிழமை ஒரு மணியிலிருந்து திங்கட்கிழமை ஒன்பதுவரை நாற்பத்து நான்கு. அந்த வியாழனுக்கு நாற்பது. நாற்பதுக்கு இருபத்திரண்டு, நாற்பத்து நான்குக்கு இருபத்தெட்டு. மணி கூடக் கூடப் புள்ளியும் கூடியிருந்தது. 

"அண்ணே, இன்னிக்கு ஒரு மணிக்கு ஒரு டிஷ்ல ஊத்துங்க. அஞ்சு மணிக்கு இன்னொண்ணுல. நாளைக்கு சாயங்காலம் அஞ்சுக்கு மூணாவது. மூணையும் சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ஒண்ணாக் கழுவுவோம். புது மருந்தெல்லாம் வேண்டாம், கழுவின கையோட சாயம் ஏத்திரலாம்."

"நாற்பத்து நாலு, நாற்பது, பதினாறு," என்று விரலை மடக்கினார் சுத்தம். "சரி. வேற?"

"நாலாவது டிஷ்ஷுக்கு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஊத்தணும். அது திங்கட்கிழமை டிஷ், ஆனா பதினாறு மணி நேரம்தான்."

"ஞாயித்துக்கிழமையா? என் சம்சாரத்தை சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லி மூணு வாரம் ஆச்சு."

"சாவியைக் குடுங்க, நானே ஊத்திக்கிறேன்."

சுத்தத்தின் முகம் மாறியது. "என் செல்லை நீ தொடுவியா? அந்த நகத்தோட? நான் வரேன். சினிமா ஆறரைக்குத்தான்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "பேராசிரியர்கிட்ட அனுமதி வாங்கியாச்சா?"

"எண்ணுறது என் வேலைன்னு அவர்தான் சொன்னார். நாலு டிஷ்ஷை எண்ணப் போறேன். அதுக்கு எதுக்குண்ணே அனுமதி?"

அன்று மத்தியானம் அவள் பழைய திங்கட்கிழமை ஸ்லைடு ஒன்றையும் வேறு நாள் ஸ்லைடு ஒன்றையும் மாறி மாறி மிக அதிகம் பெரிதாக்கிக் காட்டும் லென்ஸின் கீழ் வைத்தாள். இவ்வளவு நாளும் எத்தனை என்றுதான் பார்த்திருந்தாள். இப்போது எப்படி நிற்கின்றன என்று பார்த்தாள். பதினாறு மணி நேரச் செல்லில் ஒவ்வொரு குழந்தைக் குழலும் தாய்க் குழலோடு இடைவெளியே இல்லாமல் ஒட்டி நின்றது. நாற்பத்து நான்கு மணி நேரச் செல்லில் குழந்தை தாயைவிட்டு விலகியிருந்தது. இரண்டுக்கும் நடுவே மெல்லிய கறுப்பு இடைவெளி. அந்தத் தாயின் இடுப்பில் இன்னொரு புதுப் புள்ளி.

அவள் எழுந்து போய் ஆய்வகத்து அலமாரியிலிருந்து பழைய ஆய்விதழ்களை எடுத்து வந்தாள்.

திங்கட்கிழமை ஒரு மணிக்கு நான்கு ஸ்லைடும் தயாராக இருந்தன. காவலர் 'பார்வையாளர்' சீட்டை ஒட்டி, கலைத்து, தன் குறிப்பைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மேல் பட்டன் இப்போது தைக்கப்பட்டிருந்தது. அவள் எண்ணத் தொடங்கினாள். நானூறு செல். இரண்டேகாலுக்கு முடித்தாள். எண்களைத் தாளில் எழுதி, காவலரையும் கூட்டிக்கொண்டு நேரே பேராசிரியர் அறைக்குப் போனாள்.

மேசையில் அந்தப் பழைய தாள் அதே இடத்தில் இருந்தது. பக்கத்தில் மூடி திறந்த பேனா.

"நல்லதும்மா. போட்டுருங்க."

"அதுக்கு முன்னால ஒரு அஞ்சு நிமிஷம் வாங்க சார். ஏறிப் பாருங்க."

"எதுல?"

"மைக்ராஸ்கோப்புல சார். என் கண்ணு வேண்டாம், உங்க கண்ணால எண்ணுங்க."

"இன்னும் நாற்பது நிமிஷத்துல அறிக்கை போகணும்."

"போகட்டும். பொய்யோட போகணுமா, காரணத்தோட போகணுமான்னுதான் கேக்குறேன்."

காவலர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பேராசிரியர் எழுந்தார்.

இருட்டு அறையில் அவர் சுழல் நாற்காலியைத் தன் உயரத்துக்கு ஏற்றிக்கொள்ளத் தெரியாமல் தடுமாறினார். அவள் அடியிலிருந்த நெம்புகோலைத் தட்டிவிட்டாள். அவர் லென்ஸில் கண் வைத்தார். கட்டை விரல் கருவியை அழுத்தும் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. சத்தம் நின்றது. பிறகு மெதுவாக இன்னும் இரண்டு முறை.

"ஆறு," என்றார்.

"அடுத்த செல் சார்."

"அஞ்சு." கொஞ்ச நேரம் கழித்து, "இதுவும் அஞ்சு. இது எந்தத் திங்கட்கிழமை ஸ்லைடு?"

அவள் காவலரைப் பார்த்தாள். காவலர் பையிலிருந்து குறிப்பை எடுத்துக் கதவிடுக்கு வெளிச்சத்தில் பிடித்தார். "பார்வையாளர் ரெண்டு. சனிக்கிழமை எடுத்தது சார். நாற்பத்து நாலு மணி நேரம்."

"சனிக்கிழமையா?"

"இதையும் பாருங்க," என்று அவள் ஸ்லைடை மாற்றினாள். 

பேராசிரியர் பத்துச் செல் பார்த்தார். இருபது பார்த்தார். எதிலும் நான்குக்கு மேல் சத்தம் எழவில்லை.

"பார்வையாளர் நாலு," என்றார் காவலர். "இன்னிக்குக் காலையில எடுத்தது. திங்கட்கிழமை. பதினாறு மணி நேரம்."

அவள் தாளை நீட்டினாள். சனிக்கிழமை, பதினாறு மணி: மூன்று. சனிக்கிழமை, நாற்பது மணி: இருபத்து மூன்று. சனிக்கிழமை, நாற்பத்து நான்கு மணி: இருபத்தொன்பது. திங்கட்கிழமை, பதினாறு மணி: இரண்டு.

பேராசிரியர் அந்த நாலு வரியை இரண்டு முறை படித்தார். "ஆனா டி.என்.ஏ. நின்னுதானே இருக்கு. புள்ளி மட்டும் எப்படி ஓடும்? ரெண்டும் சேந்துதான் போகணும். எப்பவும் ஒரு சுத்துக்கு ஒரு தடவைதான்." 

அன்றுதான் அவர் முதல்முறையாக எப்படி என்று கேட்டார். அவள் விளக்கைப் போட்டாள். சுவரில் ஒட்டியிருந்த பழைய நாள்காட்டியின் பின்பக்கத்தில் பேனாவால் வரைந்தாள்.

"சேந்துதான் போகும் சார். ஆனா வழி முழுக்கக் கையைக் கோத்துக்கிட்டுப் போறதில்ல. ரெண்டு இடத்துலதான் முடிச்சு இருக்கு. ஒண்ணு ஆரம்பத்துல. டி.என்.ஏ.வைப் படியெடுன்னு சொல்ற அதே நொதிதான் குழலையும் முளைன்னு சொல்லுது. அதனால ரெண்டும் ஒண்ணாக் கெளம்புது. இன்னொரு முடிச்சு கடைசில. குழந்தைக் குழல் தாயோட ஒட்டிக்கிட்டிருக்கிற வரைக்கும் தாய் இன்னொண்ணை ஈன முடியாது. அந்த ஒட்டுதான் பூட்டு. செல் பிரியும்போது, டி.என்.ஏ. படிகளைக் கட்டி வெச்சிருக்கிற கட்டை ஒரு நொதி வெட்டுது. அதே நொதிதான் இந்தப் பூட்டையும் திறக்குது. அதனாலதான் ஒரு சுத்துக்கு ஒரு தடவை."

"சரி. நடுவுல?"

"நடுவுல முடிச்சே இல்ல. நாம சரியா அந்த நடுவுலதான் நிறுத்தி வெக்கிறோம்." அவள் இரண்டு கோட்டுக்கும் இடையில் பேனாவை வைத்து அழுத்தினாள். "மருந்து டி.என்.ஏ.வை மட்டும்தான் பிடிச்சு நிறுத்துது. முளைன்னு சொன்ன குரல் ஓயாம சொல்லிக்கிட்டே இருக்கு. பூட்டு கெட்டியா இருக்கிற வரைக்கும் அதால ஒண்ணும் ஆகாது. பதினாறு மணி நேரம் தாங்குது. ஆனா பிரியிற நேரத்துல முழிக்க வேண்டிய இன்னொரு நொதி, ரொம்ப நேரம் நிறுத்தி வெச்சா கொஞ்சம் கொஞ்சமாச் சேந்து, பூட்டை முன்கூட்டியே தளர்த்திருது. குழந்தை நகர்ந்துருது. தாய் சும்மா இருக்குமா? அடுத்ததை ஈனுது. எல்லா வகை செல்லும் இப்படிப் பண்ணாது. நாம வெச்சிருக்கிறது எலும்புக்கட்டியில இருந்து எடுத்த செல். அதுக்கு இந்தக் கட்டுப்பாடெல்லாம் முன்னாலேயே கொஞ்சம் லூசு. அலமாரியில இருக்கிற பழைய ஆய்விதழ்கள்ல நீங்களே அடிக்கோடு போட்டு வெச்சிருக்கீங்க சார். போன வியாழக்கிழமை படிச்சேன்."

பேராசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டே முக்கால். அவர் எழுந்து தன் அறைக்குப் போனார். அவள் பின்னாலேயே போனாள். அவர் மேசை மீதிருந்த தாளை எடுத்து, எண்ணியவரின் பார்வைப் பிழை என்ற வரியை அடித்தார். பேனாவை எடுத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"என்ன எழுதலாம்?"

"நிறுத்தி வெச்ச நேரம் கூடிப்போச்சுன்னு எழுதுங்க."

"அது நான் எழுதின முறைம்மா. 'இரவு முழுவதும்'னு."

"தெரியும் சார்."

அவர் எழுதினார். எழுதிய பிறகு அடியில் இருந்த அவள் பெயரையும் அடித்துவிட்டு, தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். "ஒப்பந்தத்துக்கு நான் பேசுறேன்," என்றார், தாளிலிருந்து தலையைத் தூக்காமலே.

"பேசுங்க. வாய் கெட்டவன்னு சொல்லியே பேசுங்க சார். அதுல பொய் இல்ல."

கீழே சுத்தம் பதிவேட்டில் ஸ்கேல் வைத்து இரண்டு புதுக் கட்டம் கிழித்துக்கொண்டிருந்தார். அவள் முறை எழுதிய தாளைச் சுவரிலிருந்து எடுத்து, 'இரவு முழுவதும்' என்ற சொல்லை அடித்தாள். மேலே இப்படி எழுதி மறுபடி ஒட்டினாள்:

நிறுத்து மருந்து டி.என்.ஏ.வை மட்டுமே நிறுத்தும், சென்ட்ரோசோமை நிறுத்தாது. பதினாறு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. மாலை ஐந்துக்கு ஊற்றிக் காலை ஒன்பதுக்குக் கழுவ வேண்டும். திங்கட்கிழமைக் கிண்ணத்துக்குச் சனிக்கிழமை ஊற்றக் கூடாது; ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு ஒருவர் வந்து ஊற்ற வேண்டும். மறுநாள் கட்டடம் மூடியிருக்கும் என்றால் அன்று ஊற்றவே வேண்டாம். ஊற்றிய மணி, கழுவிய மணி இரண்டையும் பதிவேட்டில் எழுத வேண்டும்.